வெள்ளை தீர்ந்த சனிக்கிழமை

மருதந்தோப்பு,
3.12.2023

அன்புள்ள அண்ணிக்கு,

மதி எழுதுவது. நானும் கவியும் இங்கே சுகம். மழை விட்டு நாலு நாள் ஆகிறது, ஆனால் சளி மட்டும் அவளை விட்டுப் போவேனா என்கிறது. உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? மஸ்கட்டில் குளிர் வந்துவிட்டதா? அண்ணன் சிங்கப்பூரிலிருந்து திங்கட்கிழமை பேசினார். ஓவர்டைம் பார்க்கிறாராம், குரலே கம்மிப் போயிருந்தது.

நீங்கள் சொன்னபடி போனை வெள்ளிக்கிழமை ஐந்து நிமிஷம் என்று சுருக்கியாயிற்று. வீடியோவும் கிடையாது. உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டால் அவள் இரண்டு நாள் சோற்றைத் தொடுவதில்லை. மற்ற கதையெல்லாம் கடிதத்தில்தான். கூத்தாநல்லூர் சித்தீக் பாயும் அவர் கடை ஆட்களும் மாறி மாறி மஸ்கட்டுக்குப் போய் வருவதால் நமக்குத் தபால்காரரும் வேண்டாம்.

இப்போது சேதிக்கு வருகிறேன். உங்கள் மகள் போன வியாழக்கிழமை சிரித்தாள் அண்ணி! பக்கத்து வகுப்பு வாத்தியார் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். ஜூனில் நீங்கள் விமானம் ஏறியதிலிருந்து, கேட்டால்தான் பதில் என்று இருந்த பிள்ளை.

போன மாதம் தஞ்சாவூரில் ஓவிய ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. அமெரிக்காவில் எழுபது, எண்பது வருஷத்துக்கு முன்னால் சில ஓவியர்கள் துணியைத் தரையில் விரித்துப் போட்டு, சுற்றிச் சுற்றி நடந்து, பெயிண்டைத் தெளித்தும் சொட்டவிட்டும் வீசியும் வரைந்தார்களாம். படம் போட்டுக் காட்டினார்கள். மரம் கிடையாது, மாடு கிடையாது, எதையும் பார்த்து வரைவது கிடையாது. மனசில் இருப்பது கை வழியாக இறங்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு உடனே கவி ஞாபகம் வந்தது. வாயால் சொல்லாததைக் கையால் சொல்லட்டுமே என்று நினைத்தேன்.

வீரையன் பெரியப்பாவிடம் நெல் மூடும் கிழிந்த கறுப்புப் படுதா ஒன்றைக் கேட்டு வாங்கிப் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் விரித்தேன். ஐந்தாம் வகுப்பு, இருபத்திரண்டு பிள்ளைகள். தென்னை ஈர்க்கு, பழைய பிரஷ், அடியில் ஓட்டை போட்ட டீ கப். மணிக்கட்டை எப்படி உதறுவது என்று நான் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. யூரியா வீசுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள், வாசல் தெளித்துப் பழகியவர்கள். எனக்கே சொல்லிக் கொடுத்தார்கள்.

ஹெட்மாஸ்டர் சாரங்கபாணி சார் வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா இது, யாரோ வெத்தலை போட்டுத் துப்புனாப்ல இருக்கு?" என்றார். "இது பிள்ளைங்க மனசு சார்" என்றேன். "அப்ப மனசைக் கழுவி விட்டுட்டுப் போங்க, தரையெல்லாம் வழுக்குது" என்றார். அந்த நேரம் பார்த்துக் கவி சிவப்பை ஒரு வீசு வீசினாள். சார் வேட்டியில் மூன்று சொட்டு! அப்போதுதான் அந்தச் சிரிப்பு.

பிப்ரவரியில் திருவாரூரில் பள்ளிகளுக்கான கண்காட்சி இருக்கிறது. எங்கள் படுதாவை அங்கே தொங்கவிடாமல் ஓய மாட்டேன்.

உங்கள் அன்பு நாத்தனார்,
மதிவதனி


மஸ்கட்,
17.12.2023

அன்பு மதிக்கு,

அண்ணி செம்மொழி ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நான் நலம். இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை, அதற்குப் பதிலாக முழங்கால் வந்திருக்கிறது. கவி சளிக்கு ஓம வாட்டர் கொடு, ஐஸ் பக்கமே விடாதே.

உன் கடிதத்தை டியூட்டி ரூமில் நின்றுகொண்டே படித்தேன். சிரித்தாள் என்ற இடத்தை நாலு தடவை படித்தேன். என் கூட வேலை பார்க்கும் கேரளாக்காரி, என்ன சேச்சி தனியா நின்னு சிரிக்குது என்று கேட்டாள். உனக்கு எப்படி நன்றி சொல்வது மதி? பிள்ளையை விட்டுவிட்டு வந்தவள் என்று ஊரே என்னைப் பேசிய நாளில், "நான் இருக்கேன், நீங்க கிளம்புங்க அண்ணி" என்றவள் நீ ஒருத்திதான்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நான் கேஷுவாலிட்டியில் நிற்கிற நர்ஸ். எதைப் பார்த்தாலும் எனக்குக் கெட்டதுதான் முதலில் தோன்றும். பெயிண்ட் வீசும்போது கண்ணில் பட்டால்? பிளாஸ்டிக் கண்ணாடி மலிவாகக் கிடைக்கும், வெல்டிங் கடையில் கேள். எல்லாப் பிள்ளைக்கும் போட்டுவிடு. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை முன்னால் பெயிண்ட் கையோடு வந்து நின்ற மகராசி நீ. உன்னிடம் இதையெல்லாம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அன்புடன்,
அண்ணி


மருதந்தோப்பு,
9.1.2024

அன்புள்ள அண்ணிக்கு,

பொங்கல் வாழ்த்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உங்கள் முழங்காலுக்குப் பிண்ட தைலம் சித்தீக் பாயிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். இங்கே எல்லோரும் நலம், சளியும் ஓடிவிட்டது.

உத்தரவுப்படி மன்னார்குடியில் கண்ணாடி வாங்கிவிட்டேன். எட்டுதான் கிடைத்தது. முறை வைத்துப் போட்டுக்கொள்கிறார்கள். போட்டதும் எல்லாம் ராக்கெட் விடும் விஞ்ஞானி மாதிரி நடக்கிறதுகள்.

கவி இப்போது வகுப்பில் பேசுகிறாள். நேற்று ஒருத்தி, "இது என்னடி படம்?" என்று கேட்டதற்கு, "எங்கம்மா ஏர்போர்ட்ல திரும்பிப் பாத்தாங்கள்ல, அது" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன் அண்ணி.

இன்னொரு வேடிக்கை. அறுவடை தொடங்கிவிட்டது. கொள்முதல் நிலையத்து வாசலில் நெல்லைக் குவித்துவிட்டு வரிசைக்குக் காத்துக் கிடக்கிறார்கள். வீரையன் பெரியப்பா தன் குவியல் மேல் சுண்ணாம்புத் தண்ணீரை வைக்கோல் பிரியால் உதறி உதறித் தெளித்துக்கொண்டிருந்தார். உங்களுக்குத் தெரியாததா, யாராவது ஒரு மரக்கால் அள்ளினாலும் வெள்ளைக் கோடு கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். பிள்ளைகள் பார்த்துவிட்டு ஒரே கூச்சல். "டீச்சர், பெரியப்பா நம்ம பெயிண்டிங் பண்றாரு!" மறுநாள் வகுப்பையே அங்கே கூட்டிக்கொண்டு போய்விட்டேன். கறுப்புப் படுதாவில் வெள்ளை விழுந்தால் எவ்வளவு அழகு என்று அன்றைக்குத்தான் எனக்கும் தெரிந்தது. இப்போது எல்லோருக்கும் வெள்ளைதான் வேண்டுமாம். இரண்டு டப்பா வாங்கினேன், ஒரே வாரத்தில் பாதி காலி.

உங்கள்,
மதி


மஸ்கட்,
20.1.2024

அன்பு மதிக்கு,

நலம், நலமே விரும்புவதும். பொங்கலுக்கு நாங்கள் ஏழு பேர் சேர்ந்து குக்கரில் பொங்கினோம். பொங்கலோ பொங்கல் என்று கத்தினதில் பக்கத்து ரூம் பிலிப்பினோ பெண் பயந்துபோய் வந்துவிட்டாள்.

ஏர்போர்ட் படத்தைப் பற்றி எழுதியிருந்தாயே. அதைப் படித்த பிறகு அன்று எனக்கு வேலை ஓடவில்லை.

இதை அவசரமாகச் சித்தீக் பாய் கையில் கொடுத்தனுப்புகிறேன். காரணம் சுண்ணாம்பு. குவியலில் தெளித்ததைப் பார்த்தார்கள் சரி, அதைப் பிள்ளைகள் கையில் மட்டும் கொடுத்துவிடாதே. பெயிண்ட் வேறு, சுண்ணாம்பு வேறு. கண்ணில் ஒரு துளி விழுந்தாலும் வெந்துவிடும். வெள்ளை தீர்ந்தால் தீரட்டும். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். கவி பக்கத்தில் இருக்கும்போது உன் வேலையில் குற்றம் சொன்ன மாதிரி ஆகிவிடுமே என்றுதான் எழுதுகிறேன்.

கவியின் போட்டோ ஒன்று அனுப்பு. இப்போது எப்படி இருக்கிறாள் என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணி


மருதந்தோப்பு,
12.2.2024

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

பதில் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். பள்ளிக்கூடத்தில் வேலை அதிகம். கண்காட்சிக்கு எங்கள் படுதா போகவில்லை. ஏதோ காரணம், விடுங்கள். பெயிண்டிங் வகுப்பையும் கொஞ்ச நாள் நிறுத்திவைத்திருக்கிறேன். பரீட்சை வருகிறதல்லவா.

போன இரண்டு வெள்ளிக்கிழமையும் நீங்கள் கூப்பிட்டபோது கவி தூங்கிவிட்டாள். விளையாடிக் களைத்துவிடுகிறாள். எழுப்ப மனசு வரவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள். கேட்ட போட்டோ இதில் இருக்கிறது. அவளே நாலு வரி எழுதியிருக்கிறாள், அதையும் வைத்திருக்கிறேன்.

வேறு விசேஷம் இல்லை.

மதி

அன்புள்ள அம்மா, நான் நல்லா இருக்கேன். அத்தை நல்லா பாத்துக்குறாங்க. தினமும் முட்டை சாப்பிடுறேன். என் கண்ணு நல்லா இருக்கு. நீ கவலைப்படாத. கவிப்ரியா.


மஸ்கட்,
24.2.2024

மதி,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை.

நான் அவள் கண்ணைப் பற்றிக் கேட்கவே இல்லையே. எந்தப் பிள்ளையாவது தானாக, என் கண்ணு நல்லா இருக்கு என்று எழுதுமா?

போட்டோவைப் பார்த்தேன். பின்னால் நம் வயலில் பயிர் முழங்கால் உயரம் பச்சையாக நிற்கிறது. பிப்ரவரி மாதத்தில்! நான் மஸ்கட் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது மதி. அறுத்த வயலில் தாளும் உளுந்துச் செடியும்தான் இருக்கும் என்பதை மறந்துபோகிற அளவுக்கு நான் வெளியூர்க்காரி ஆகிவிடவில்லை. அது கார்த்திகையில் எடுத்த போட்டோ.

மூன்று நாளாகப் போன் அடிக்கிறேன். மணி போகிறது, நீ எடுப்பதில்லை. உன் அண்ணனைக் கேட்டால், தங்கச்சி எல்லாம் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுச்சு என்கிறார். எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று ஒரு நோயாளிக்கு ஊசி போடப் போய் மருந்தை மாற்றி எடுத்துவிட்டேன், ஹெட் சிஸ்டர் என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

சித்தீக் பாய் இதை உன் கையில் கொடுத்துவிட்டு, பதில் வாங்காமல் நகர மாட்டார். என் பிள்ளைக்கு என்ன ஆயிற்று?

செம்மொழி


மருதந்தோப்பு,
28.2.2024

அண்ணி,

சித்தீக் பாய் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். டீ கொடுத்தேன், குடிக்கவில்லை. "மொதல்ல எழுதுங்கம்மா, அது அங்க துடிச்சிக்கிட்டு இருக்கு" என்கிறார். எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

ஜனவரி 27, சனிக்கிழமை. கண்காட்சிக்கு ஆறு நாள்தான் இருந்தது. சிறப்பு வகுப்பு வைத்திருந்தேன். காலையிலேயே வெள்ளை தீர்ந்துவிட்டது. மன்னார்குடி போய் வர நேரமில்லை. பொங்கலுக்கு வெள்ளையடித்த சுண்ணாம்பு மிச்சமிருந்தால் கொண்டுவாருங்கள் என்று நான்தான் பிள்ளைகளிடம் சொன்னேன். நானேதான் கரைத்தேன். திட்டுத்திட்டாக விழுந்தால்தான் கறுப்பில் நன்றாகப் பிடிக்கும் என்று கெட்டியாகவே கரைத்தேன்.

எட்டுக் கண்ணாடி, இருபத்திரண்டு பிள்ளை. டீச்சர் வீட்டுப் பிள்ளைக்கு முதலில் கொடுத்தால் பேச்சு வரும் என்று கவியை எப்போதும் கடைசி முறையில்தான் நிறுத்துவேன். அன்றைக்கும் அப்படித்தான். எதிரில் நின்ற பிள்ளை உதறியது அவள் இடது கண்ணில் போய் விழுந்துவிட்டது.

அடிபம்பில் முகத்தைக் கழுவினேன். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஆளுக்கொன்று சொன்னார்கள். பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்ற பெண் கிண்ணத்தில் தாய்ப்பால் கொண்டுவந்தாள். அதைக் கண்ணில் விட்டோம். எரிச்சல் அடங்கும் என்று காத்திருந்தோம். அரை மணி நேரம் போய்விட்டது அண்ணி. அப்புறம்தான் சாரங்கபாணி சார் சத்தம் போட்டுக் காரை வரவழைத்தார்.

தஞ்சாவூரில் கண் டாக்டர் சுண்ணாம்புத் துணுக்கையெல்லாம் எடுத்தார். நாலு நாள் அங்கேயே இருந்தோம். கருவிழியில் தழும்பு விழுந்திருக்கிறது. வெள்ளையாக மூடினாற்போல் தெரிகிறது என்கிறாள். மூன்று வகை சொட்டு மருந்து. பார்வை எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாதாம், மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்கும் என்றார். வலது கண்ணுக்கு ஒன்றும் இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் நீங்கள் கண்டுபிடிக்க முடியாது. ஆனாலும் எழுதுகிறேன். சுண்ணாம்பு வேண்டாம் என்று நீங்கள் எழுதிய கடிதம் எனக்கு முந்தின நாளே வந்துவிட்டது. குடியரசு தினக் கொடியேற்றத்துக்குப் பள்ளிக்கூடத்துக்கே வந்து சித்தீக் பாய் கொடுத்தார். உங்கள் கடிதத்தை எப்போதும் வேலையெல்லாம் முடிந்த பிறகு, சாவகாசமாகப் படிப்பது என் வழக்கம். கண்காட்சி வேலை ஓயட்டும் என்று கைப்பையில் வைத்துவிட்டேன். கரைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பை என் தோளில்தான் தொங்கியது. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தேன்.

கவியிடம், அம்மாவுக்குத் தெரிந்தால் அங்கே தனியாக இருந்துகொண்டு அழுவாள், நல்லா இருக்கேன்னு எழுதுடா என்று சொன்னதும் நான்தான். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

மதி


மஸ்கட்,
10.3.2024

மதி,

போனில் நீயும் அழுதாய், நானும் அழுதேன், பேச்சு எங்கே நடந்தது? அதனால் எழுதுகிறேன்.

சுண்ணாம்பு பட்டால் தண்ணீர், தண்ணீர், தண்ணீர்தான். அரை மணி நேரம் விடாமல் ஊற்ற வேண்டும். பால் இல்லை, எண்ணெய் இல்லை. இதை உன் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லு. என் பிள்ளையோடு போகட்டும்.

லீவு மே கடைசிக்குத்தான் கொடுப்பார்களாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன், என்னால் ஓடிவர முடியவில்லை. சுவரில் முட்டிக்கொள்ளத்தான் முடிகிறது. அந்த ஒரு வார்த்தையைப் போனில் சொல்லியிருந்தால் தீர்ந்தது. நாத்தனார் முகம் சுளிப்பாளோ என்று மரியாதை பார்த்தேன். அதனால் சுண்ணாம்புக்கு உன்னை மட்டும் நான் குற்றவாளி ஆக்கவில்லை. கடிதத்தைப் பிரிக்காமல் வைத்ததையும் மறக்கப் பார்க்கிறேன்.

பத்து வயதுப் பிள்ளையைப் பொய் எழுத வைத்தாயே, அதுதான் என் நெஞ்சில் நிற்கிறது. அவள் வலியை அவளே மறைத்து, எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டுமா? இதற்கு மன்னிப்புக் கேட்காதே, இப்போது என்னிடம் இல்லை. அம்மாவிடம் இனி நிஜத்தைத்தான் எழுத வேண்டும் என்று அவளிடம் நான் சொன்னதாகச் சொல்லு.

பெயிண்டிங் வகுப்பைத் திரும்பத் தொடங்கு. எல்லோருக்கும் கண்ணாடி வாங்கியபிறகு தொடங்கு. தன்னால்தான் வகுப்பு நின்றது என்று அவள் போனில் கேட்டாள் மதி. பிரஷை முதலில் அவள் கையில் கொடு. உனக்குப் பயமாக இருந்தால் இருக்கட்டும்.

மதுரைக்குத் தேதி வாங்கு.

செம்மொழி


மருதந்தோப்பு,
14.4.2024

அன்புள்ள அண்ணிக்கு,

புத்தாண்டு வாழ்த்துகள். முழங்கால் தேவலையா? ரொம்ப நாள் கழித்து இதைக் கேட்கும் தைரியம் வந்திருக்கிறது, ஏன் என்று சொல்கிறேன்.

போன மாதக் கடைசியில் வகுப்பு தொடங்கியாயிற்று. இருபத்திரண்டு கண்ணாடி, எனக்கு ஒன்று, சாரங்கபாணி சாருக்கு ஒன்று. பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீர். பிரஷைக் கவி கையில்தான் முதலில் கொடுத்தேன். அவள் உதறிய ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய்ப் போய் வந்தது. சார், "ஒண்ணும் ஆவாதும்மா, மூச்சு விடுங்க" என்றார்.

நேற்று முன்தினம் தஞ்சாவூரில் டாக்டரைப் பார்த்தோம் அண்ணி! இடது கண்ணால் எழுத்து அட்டையில் நாலு வரி படித்துவிட்டாள். நாலு வரி! போன தடவை முதல் எழுத்தே தடுமாறினாள். தழும்பு இருக்கிறது, ஆனால் பார்வை இவ்வளவு திரும்பும் என்று தானே எதிர்பார்க்கவில்லை என்றார் டாக்டர். சொட்டு மருந்தைக் குறைத்துவிட்டார். 22ஆம் தேதிக்கு வாங்கியிருந்த மதுரைத் தேதியும் இப்போது வேண்டாம், ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார். நாளை போன் செய்து அதை ரத்து செய்துவிடுவேன். நான் அங்கேயே அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டேன். நர்ஸ் தண்ணீர் கொடுத்தாள். பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேரும் வயிறு முட்டப் பரோட்டா தின்றோம்.

நீங்கள் என்னை மன்னிக்க வேண்டாம். சந்தோஷப்பட்டால் போதும்.

உங்கள்,
மதி


மருதந்தோப்பு,
15.4.2024

அன்புள்ள அம்மா,

எப்படி இருக்க? நான் இருக்கேன். இதை நானே சித்தீக் மாமாகிட்ட குடுக்கிறேன். அத்தை கடிதத்தோட வைக்கல. கோந்து போட்டு ஒட்டிட்டேன்.

டாக்டர் மொதல்ல இடது கண்ணை மூடிக்கிட்டுப் படிக்கச் சொன்னாரு. நல்ல கண்ணால எல்லாத்தையும் படிச்சேன். அப்புறம் வலது கண்ணை மூடச் சொன்னாரு. அதே அட்டைதான்மா. எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு, அப்படியே சொல்லிட்டேன். நாலாவது வரியில ஒரு எழுத்தை வேணும்னே தப்பா சொன்னேன். அப்பதானே நம்புவாங்க.

இடது கண்ணுல அட்டையே தெரியல. வெள்ளையாத்தான் இருக்கு. பெயிண்ட் அடிக்கிறப்பவும் அப்படித்தான்.

அத்தை தினமும் பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவாங்க. சாப்பாட்டைத் தட்டுல வெச்சு அப்படியே மூடிடுவாங்க. அன்னிக்குத்தான் நாலு பரோட்டா சாப்பிட்டாங்க. பஸ்ல என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டாங்க.

உன்கிட்ட பொய் எழுதக் கூடாதுன்னு நீ சொன்னியாம். அதான் உனக்கு மட்டும் நிஜத்தை எழுதுறேன். நீ அத்தைகிட்ட சொல்லிடாதம்மா. அவங்க திரும்பவும் சாப்பிட மாட்டாங்க.

இப்படிக்கு,
உன் மகள் கவிப்ரியா,
ஐந்தாம் வகுப்பு